மஞ்சள் பிரதி

பில் புத்தகத்தில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் மூன்று தாள்.
வெள்ளை, வாங்குகிறவருக்கு.
ரோஸ், கணக்குப்பிள்ளைக்கு.
மஞ்சள் புத்தகத்தோடேயே கிடக்கும்.
அதைக் கிழிக்க யாருக்கும் அனுமதியில்லை.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு ஹாட்வெயாரில்
பதினொரு வருஷம் பில் எழுதினேன்.
ஆணி, வாளி, மண்வெட்டிப் பிடி,
ஒழுகும் லயங்களுக்குத் தகரம்.

இரண்டாயிரத்து ஒன்பது, சித்திரை.
வருஷப்பிறப்பு கழிந்து கடை திறந்த அன்று
டெண்டர் கிடைத்ததென்று
நல்லழகு முதலாளி தேங்காய் உடைத்தார்.
முட்கம்பி, அறுநூற்று நாற்பது சுருள்.
சேருமிடம் வவுனியா.
மூன்றாவது தாளிலும் விழவேண்டுமே என்று
அழுத்தி எழுதினேன்.

இவ்வளவு கம்பி எதற்கு என்று
லொறிக்காரன் பந்துலவிடம் கேட்டேன்.
மாடு கட்டவாம், என்றான்.
பெரிய பட்டிதான் போல, என்றேன்.
அவன் சிரித்தான். நானும்.
அது எந்தத் தாளிலும் விழவில்லை.

தெரியாது என்று சொல்லலாம்.
ஆனால் கடையில் வானொலி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
செய்தி வந்தால் சத்தத்தைக் குறைப்பாள் நந்தாவதி,
இல்லையென்றால் நான்.
அந்த நேரங்களில் இரண்டு பேரும்
ஆணிகளை எண்ணினோம்,
நிறுத்து விற்கிற ஆணிகளை.

"நாம விக்காட்டி கண்டிக்காரன் வித்திருப்பான்"
என்பார் முதலாளி, யாரும் கேட்காமலே.
உண்மைதான்.
அப்போது கண்டியில் ஒருத்தி எழுதியிருப்பாள்.
அவள் என்னைவிட மெல்ல எழுதுகிறவளாக இருக்கலாம்,
மூன்றாவது தாளில் எதுவுமே விழாதபடி.

என் அப்பா எந்த நாட்டின் பிரஜையும் இல்லாமல் செத்தார்.
எந்த அரசாங்கம் என்ன செய்தாலும்
அவர் கை சுத்தம்.
அதை ஒரு குறையென்றே நினைத்திருந்தோம்.
இரண்டாயிரத்து மூன்றில்
குடை பிடித்து வரிசையில் நின்று
நான் பிரஜாவுரிமை வாங்கினேன்.
அதோடு சேர்த்து இதையும் வாங்கினேனா?
படிவத்தில் அப்படியொரு கூடு இருந்ததாக ஞாபகமில்லை.

முதல் புள்ளடி போட்ட சின்னம் தோற்றுப்போனது.
அதைச் சொல்லிச் சில ராத்திரி தூங்கியிருக்கிறேன்.
தோற்றவனுக்குப் போட்டவள் பில் எழுதினால்
கம்பியில் முள் குறையுமா?

போனஸ் மூவாயிரத்து ஐந்நூறு.
பிரஷர் குக்கர் வாங்கினேன்.

எழுபத்தேழு கலவரத்தில்
வீடு எரிந்து வன்னிக்குப் போனது
பெரியம்மா குடும்பம்.
அந்தப் பக்கம் நம்மை யாரும் விரட்டமாட்டார்கள்,
அப்படித்தான் அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள்.
அங்கேயே பிறந்த தவராணி
மறு வருஷம் மாசியில்
டிக்கோயா லயத்துக்கு வந்தாள்,
ஒரு பை, ஒரு நிவாரண அட்டையோடு.

பீங்கானை வாங்க அவள் நீட்டிய கையில்
முழங்கைக்கு உள்பக்கம் நீளமாய் ஒரு கோடு.
தண்ணி பவுசர் வந்தப்ப
கம்பிக்குள்ளால கைய விட்டுட்டன், என்றாள்,
பீலிக்கரைச் சண்டையைச் சொல்வதுபோல.
எங்கள் கடைக் கம்பியாக இருக்க வேண்டியதில்லை.
எத்தனையோ கடை, எத்தனையோ டெண்டர்.
அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை
அந்தச் சுருள்களைப் பிரித்துப் பிரித்து
நீளம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல குக்கர், என்றாள்.
என்ன விலை?

நான்
விலையை மட்டும் சரியாகச் சொன்னேன்.