பக்கத்து இடம்

ஜூன் மாதம் ஃபின்லாந்தில் இரவு வருவதில்லை.
பதினொரு மணிக்கும் ஏரி விழித்திருக்கும்.
கண்ணை மூடுங்கள், ஜெபிப்போம் என்றால்
இமைக்குள்ளும் வெளிச்சம் என்று சிணுங்குவார்கள்.

முகாமில் இருபத்து மூன்று பிள்ளைகள்,
நீல வாளியில் இருபத்து மூன்று கைபேசி.
ஒய்வா மட்டும் இரண்டு கொண்டுவந்திருந்தான்;
உடைந்ததை வாளியில் போட்டான்.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
வாளி பிடித்த எனக்கும் பதினேழுதான்.

திடப்படுத்தலுக்கு உறவினர் தரும் பணத்தில்
மொபெட் வாங்கப்போகிறேன்,
அதற்குத்தான் வந்தேன் என்று
போதகர் ஹெல்வியிடமே சொன்னான்.
"என்ன நிறம்?" என்றார் அவர்.

சாப்பாட்டு அறையில் ஒரே ஒரு சட்டம்:
உன் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கட்டும்,
பிந்தி வருகிறவருக்கு.
ஒய்வா அங்கே பையை வைப்பான்.
எடு என்றால் எடுப்பான்.
பத்து நாளும்
எடு என்றேன்.

கடைசி இரவு நெருப்பைச் சுற்றி
எல்லோரும் அழுதார்கள், நானும்.
அவன் கொசு அடித்துக்கொண்டிருந்தான்.

நவம்பர். குவோபியோ. நான்கு மணிக்கே இருட்டு.
பேருந்தில் கால் வைக்க இடமில்லை.
பின்வரிசையில் ஒய்வா:
காதில் பாட்டு, பக்கத்தில் பை.
என்னைக் கவனிக்கவில்லை.

நனைந்த கோட்டோடு
யாரோ ஒருவர் ஏறினார்,
கையில் பூனைக்கூடை.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தலை நிமிராமலே
பையைத் தூக்கி மடியில் வைத்தான்.

என் நிறுத்தம் வந்தது.
இன்னும் இரண்டு நிறுத்தம்
நின்றபடியே போனேன்.