கிழங்கில்லாதது

மன்னம்பிட்டியிலிருந்து பியதிஸ்ஸவின் லொறி
கொட்டிவிட்டுப் போன ஆற்றுமணல்
பதினாறு மாதமாகப் பீலிக்கரையில் நனைகிறது.
வீட்டுத் திட்டம் அத்திவாரத்தோடு நின்றுவிட்டது.
மணல் மட்டும் முளைத்துவிட்டது.

பார்வைக்குப் புல்.
தண்டை விரலிடையில் உருட்டினேன்.
உருள மறுத்து மூன்று இடத்தில் தட்டியது.
அப்படியென்றால் கோரை.

எந்தக் கோரை?
முட்டி போட்டுப் பிடுங்கினேன். தலவாக்கலைத் தூறல்
கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
தேயிலைக்குள் கிடக்கிற கோரைக்கு அடியில் ஒரு கிழங்கு இருக்கும்,
கிழங்கிலிருந்து ஒரு நூல், நூல் முடிகிற இடத்தில் இன்னொரு கிழங்கு,
முள்ளு முறிந்தாலும் அது முடியாது.
இது சும்மா வந்துவிட்டது கையோடு:
சீப்பில் சிக்கிய முடி போலச் செவ்வேர்,
அதில் ஒட்டிய நாலு மணல்.
ஒரு மழைக்கு எழுந்து
விதைத்துவிட்டுச் செத்துப்போகிற ரகம்.

உயரம் என் சுண்டுவிரல்.
செதில்களின் நுனி வெளிப்பக்கம் வளைந்திருந்தது,
கோபத்தில் விட்ட பூனை நகம் மாதிரி.
வில்லைக்குக் கீழே விதை.
இரண்டு பட்டை என்று எழுதினேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
அதை வெட்டி மூன்று என்று எழுதினேன்.

சவரியம்மா குடையோடு வந்து நின்றாள்.
அவளுடைய மணல். அவளுடைய வராத வீடு.
"இதென்ன கொழுந்தா புள்ள, இப்பிடிப் பாத்துப் பாத்துக் கிள்ளுற?"
இதுக்குப் பேர் தேடுறேன் என்றேன்.
"ஏழு பேர்ச் காணிக்கே இன்னும் எம் பேரு ஏறல"
என்றுவிட்டு
நான் பிடுங்கியதில் ஒன்றை வாங்கி
முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை என்றாள்.

பச்சையில் ஒன்றுமில்லைதான்.
பழைய பத்திரிகைக்குள் வைத்து
மேலே அரிசி மூட்டையை ஏற்றி
நாலாம் நாள் திறந்தபோது
காம்பரா முழுக்க வெந்தயம்.
அடுப்பில் எதுவும் இல்லை.
அந்த வாசத்தில்தான் பேர் உறுதியானது.

படிவத்தை நிரப்பினேன்.
மாவட்டம்: நுவரெலியா.
வாழிடம்: ஈரமணல், பீலிக்கரை.
இந்த மலைக்கு உரியதா, வந்ததா?
வந்தது. லொறியே சாட்சி.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது, ஏனென்று தெரியாமல் இல்லை.

அதற்கும் கீழே ஒரு கட்டம்:
நிலைத்துவிட்டதா?

அதற்கு விதை விழுந்து, அடுத்த மழை வந்து,
யாரும் கொட்டாமல் அதுவாக
இன்னொரு முறை முளைத்துக் காட்டவேண்டும்.
அதுவரை மணலை அள்ளாதே என்று
சவரியம்மாவிடம்
எந்த வாயால் சொல்வேன்?