எட்டுப் பாத்தி, ஏழு போர்வை

இரவுக்கு இரண்டு டிகிரி என்றது வானொலி.
வானொலி நிலையம் மேட்டில் இருக்கிறது,
என் நிலம் ஓடைக்கரைப் பள்ளத்தில்.
மூன்றைக் கழித்துக்கொண்டேன்.

பருத்தி போட்ட காலத்தில் ஜூலையில் நன்றாகத் தூங்கினோம்.
வயல் வெறுமையாகக் கிடக்கும்,
கடன்காரனும் குளிருக்குப் பயந்து வரமாட்டான்.
இப்போது கால் ஹெக்டேர் பச்சிலை.
எல்லாம் அசுன்சியோன் சந்தையில்
உரலோடு உட்கார்ந்திருக்கும் ஞா பெலார்மினாவுக்கு.
யாருக்கு என்ன நோவு என்று கேட்டு
இடித்துத் தருவாள்.
கோடையில் ஐஸ்தண்ணீர், இப்போது வெந்நீர்;
ஊரே உறிஞ்சும்.
கட்டுக்குள் மூக்கை நுழைத்து
"இதை மதியத்தில் அறுத்தாய்" என்பாள்.
அவளிடம் நான் பொய் சொன்னதில்லை,
சொல்லியும் பயனில்லை.

வீட்டிலிருந்த போர்வை, விரிப்பு, ஜன்னல் திரை
எல்லாம் சேர்த்து ஏழு.
எலாடியோ டார்ச் பிடித்தான்.
"எதை விடுவது?"
புதினாவை விட முடியாது, பேருந்துக் கட்டணம் அதில்தான்.
வயிற்றுவலிக்கான புரித்தோ அவனுடைய காலணி.
ஓரத்தில் எலுமிச்சைப்புல். தூக்கத்துக்கு.
"இன்றைக்கு யார் தூங்கப்போகிறார்கள்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

விடியலில் போர்வைகள் அப்பளமாய் நொறுங்கின.
அடியில் புதினா,
ஒன்றுமே நடக்காததுபோல்.
எட்டாம் பாத்தி வெந்த கீரை நிறத்தில்.
வேர் பிழைத்திருக்கலாம்,
செப்டம்பரில் தெரியும்.

பேருந்தில் என் மூட்டைமேல் சாய்ந்து தூங்கியவன்
மணக்க மணக்க இறங்கினான்.
நடத்துநர் மூட்டைக்கும் சீட்டுக் கிழித்தார்.

"பனியில் எல்லாருக்கும் வெறுங்கை.
விலையை நீயே சொல்" என்றாள் பெலார்மினா.
சொன்னேன். குறைத்தாள்.
இருவரும் நினைத்திருந்த இடத்தில்தான்
வந்து நின்றது.

அப்போது ஒரு செவிலி,
இரவுப்பணி முடிந்த கண்கள்.
"தூக்கத்துக்கு ஏதாவது?"
பெலார்மினா என்னைப் பார்த்தாள்.
நான் உரலைப் பார்த்தேன்.

இரவு, போர்வைகள் பாதிதான் காய்ந்திருந்தன.
மண்ணும் புதினாவும் கலந்த வாடை.
எலாடியோ மூக்குவரை இழுத்துக்கொண்டு
அரை நிமிடத்தில் குறட்டை.
வானொலியைத் திருகினேன்.
மூன்று டிகிரி.
கழித்தேன்.
அவன்மேல் கிடந்ததை விட்டுவிட்டு
மற்ற ஆறையும் தோளில் போட்டுக்கொண்டு
கதவைத் திறந்தேன்.