காலை உணவு சேர்த்து

சனி ஞாயிறுகளில் எங்கள் கட்டில் எங்களுடையதல்ல.
வெள்ளி மாலையே விரிப்பை மாற்றி
என் தைலப் புட்டி, தனபாலின் கண்ணாடிக் கூடு,
எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அள்ளிக்கொண்டு
சாமான் அறைக்குக் குடிபோவோம்.
வெங்காய மூட்டைக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே
ஒரு பாய்க்கு இடமிருக்கிறது.
நடுநிசியில் சுவருக்கு அப்பால்
கட்டில் முனகும்.
இருபத்தாறு வருடம் நாங்கள் கேட்ட முனகல்,
யாருக்கோ.
தனபால் தொண்டையைச் செருமுவார்.
நான் விலகிப் படுப்பேன்,
விலக இடமிருக்காது.

ராஜானுகுண்டே தாண்டி, தொட்டபள்ளாபுரம் சாலையில்
திராட்சைப் பந்தலுக்குப் பின்னால் மஞ்சள் வீடு.
பலகையில் 'கிராமத்து அமைதி' என்று எழுதியது மகன்.
ஆறு நிமிடத்துக்கு ஒரு விமானம்
கொடியில் காயும் துண்டை உரசுவதுபோல் இறங்கும்.
வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.
சட்னிக் கிண்ணத்தோடு நான் நிற்பேன்
என் குரல் எனக்குத் திரும்பி வரும்வரை.

அல்சூரில், பேருந்துப் பணிமனைக்கு எதிரில் பிறந்தவள் நான்.
என்னைக் கேட்கிறார்கள்
இது என்ன கீரை, அது என்ன குருவி.
தெரியாது என்றேன் முதலில்.
முகம் வாடிப்போனது அவர்களுக்கு.
கொடுத்த வாடகையில்
பெயர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது போல.
அதற்குப் பிறகு
கத்துவதெல்லாம் செம்போத்து.
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மரம்,
வாயில் வந்தது, நீராம்பி.
பட்டை பல்வலிக்கு ஆகும் என்று சேர்த்துக்கொண்டபோது
அடுப்பங்கரையில் தனபால் இருமினார்.

ஆடியில் ஒருத்தி வந்தாள். ரிஸ்வானா.
பதிவு இரண்டு பேருக்கு.
காரிலிருந்து இறங்கியது ஒருத்தி, ஒரு பை.
"அவரு பின்னால வர்றாரா?"
கேட்டிருக்கக் கூடாது.
"இல்லக்கா. காசு திருப்பித் தரமாட்டீங்கன்னு
போட்டிருந்துச்சு. அதான் வந்தேன்."
உண்மைதான்.
தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்.

அன்றிரவு கட்டில் முனகவில்லை.
அதுதான் எங்களைத் தூங்கவிடவில்லை.
ஒரு மணி வாக்கில் எழுந்து
சாமான் அறை ஜன்னலில் பார்த்தேன்:
மரத்தடியில் கைப்பேசி வெளிச்சம்,
கொஞ்ச நேரம் நீலமாக,
பிறகு அதுவும் இல்லை.
போய்ப் பார்க்கட்டுமா என்றேன்.
"வேணாம்," என்றார்,
"கதவ மட்டும் தொறந்து வை."

காலையில் இரண்டு தட்டு வைத்துவிட்டேன், பழக்கம்.
எடுத்தால் எடுத்தது தெரியும்.
அவள் உட்கார்ந்து தன் தட்டை முடித்தாள்.
எதிர்த் தட்டை இழுத்துக்கொண்டாள்.
"ரெண்டுக்கும் காசு கட்டியிருக்கேனே."
எட்டு இட்லி.
நடுவில் ஒரு விமானம் போனது,
அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.
சாம்பார் போதவில்லை,
ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் கொதிக்கவைத்தேன்.

போகும்போது நோட்டில் எழுதியிருந்தாள்.
சுடுதண்ணீர் வரவில்லை.
இட்லி நன்றாக இருந்தது.
நீராம்பி மரத்துக்குக் கீழே இரண்டு மணி நேரம். போதும்.

போன மாதம் வந்தவர் தாவரவியல் பேராசிரியர்.
இலையைக் கிள்ளி மோந்து
நீளமாக ஏதோ பெயர் சொன்னார்.
"இல்ல சார்," என்றேன், "இது நீராம்பி."
தனபால் இருமவில்லை.

கீசர் கம்பி மாற்றியாயிற்று, ஆயிரத்து நானூறு.
இந்த வாரம் நாலு பேர் வருகிறார்கள்,
சின்னதுக்கு முட்டை ஆகாதாம்.
விரிப்பை உதறிவிட்டு
தைலப் புட்டியைத் தேடுகிறேன் அலமாரியெல்லாம்.
கூடையிலேயே இருக்கிறது
போன ஞாயிறிலிருந்து.