சாரல் மாளிகை, மதிப்பீட்டுக்கு

கடையத்துக்கு மேற்கே, கால்வாய் திரும்புகிற இடம்.
நாடாவின் ஒரு முனையை மாசானமுத்துவிடம் கொடுத்து
மறுமுனையோடு நான் நடந்தேன்.
தெற்கு வடக்கு நூற்றுப் பன்னிரண்டடி.
சுவர் கனம் ஒன்றரை முழம், சுண்ணாம்பும் கடுக்காயும்.
ஏலத்துக்கு முன் ஒரு தொகை சொல்ல வேண்டும்,
அவ்வளவுதான் என் வேலை.

செவலூர் ராசா கட்டியது,
கொல்லம் ஆயிரத்து அறுபத்தெட்டில்.
ஆனி பிறந்ததும் கரிசக்காட்டு வெக்கையை விட்டு
சாரலில் வந்து படுக்க.
தேக்கு மட்டும் செங்கோட்டைக் கணவாய் வழியே
நாற்பது வண்டி.
எல்லாம் பிறவிப்பெருமாள் பிள்ளையின் பேரேட்டில் இருக்கிறது.
பரணில் கிடந்தது.
செல் தின்றது போக மீதி நல்ல கையெழுத்து.

'இன்று வரவில்லை.'
மறுநாளும் அதே. ஆடி முழுக்க அதே.
வென்னீருக்கு விறகு ஏழு தூக்கு.
விளக்குக்கு எண்ணெய் மூன்று உழக்கு.
'இன்று வரவில்லை.'
மூன்று ராசாக்கள், ஐம்பத்தெட்டு வருஷம்.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்:
தங்கியது பதினோரு இரவு.

அப்படியானால்
மெத்தை உறை வெளுத்த கூலி, அரையணா,
வாரம் தவறாமல் ஏன்?

தொண்ணூற்றொன்பது ஆடியில்
'ஆற்றில் வெள்ளம். காவல்காரன் குடிசை போயிற்று'
என்று ஒரு வரி.
அதன் கீழே
சுக்கு, பூண்டு, பெருங்காயம், கருப்பட்டி.
யாருக்கு என்ற பத்தி காலி.
அதற்கும் கீழே,
கொல்லனுக்கு, கொக்கி ஒன்று, காலணா. பங்காவுக்கு.

பங்காவுக்கு நாலு கொக்கி வேண்டும்.
அவை கூடத்தில் இருக்கின்றன, எண்ணிவிட்டேன்.
இது ராசாவின் படுக்கையறை உத்திரத்தில்
ஒற்றையாக.
ஏணி போட்டு ஏறி விரல் விட்டுப் பார்த்தேன்.
உள்வளைவு வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து ராசா வந்திருக்கிறார்.
ஓரத்தில் பொடி எழுத்து:
'அது என்ன வேய் என்று கேட்டருளினார்.
பங்கா என்று விண்ணப்பித்தேன்.
சரி என்றார். நன்றாக உறங்கினார்.'

ஜமீன் ஒழிந்து சர்க்கார் வந்தது.
நெல் கிட்டங்கி, பிறகு மாணவியர் விடுதி,
அப்புறம் யாருக்கும் தெரியவில்லை, வௌவால்.
வடக்கு மச்சு இடிந்து
உள்ளே ஓர் அத்தி முளைத்திருக்கிறது.

"சார், இந்தக் கொக்கியக் கழத்திரட்டா?
பழைய இரும்புக்குப் போகும்லா"
என்றான் மாசானமுத்து.
விடுல என்றேன்.
படிவத்தில் உத்திரம் பன்னிரண்டு என்று எழுதி,
கொக்கிக்கு நேரே பேனாவை வைத்தேன்.
மை ஊறிப் பரவியது.

மூன்று தலைமுறை அரச வம்சத்தில்
ஒரு குழந்தையும் இங்கே பிறந்ததில்லை.
பிறந்தது ஒன்றே ஒன்று.
ஆணா பெண்ணா,
பிள்ளை எழுதவில்லை.