முன்னால் எட்டு வண்டி

பெங்களூரில் ஆறு மாதம் செதுக்கிய செயலி.
மரவள்ளிக்கிழங்கின் அன்றைய பாயிண்ட் விலை,
ஏறி இறங்கும் கோடுகள், பதினேழு பொத்தான்.
ஆத்தூர் ரோட்டு சேகோ ஆலை வாசலில்
ஒருவரும் அதைத் திறக்கவில்லை.

"விலைதான் நேத்தே போன்ல சொல்லிட்டாங்களே"
என்றார் லாரி ஓட்டும் செங்கோடன்.
வேறு என்ன வேண்டும்?
ஒண்ணும் வேண்டாம் சார்.

கேள்வித்தாளை மடித்துவிட்டுக்
கேபினில் ஏறி உட்கார்ந்தேன், நாலு மணி நேரம்.
பின்னால் கிழங்கு வாடிக்கொண்டிருந்தது,
வாட வாடப் பாயிண்ட் குறையும்.
அவர் இறங்கிப் போய்
முன்னால் நிற்கும் வண்டிகளை எண்ணிவிட்டு வந்தார்.
மறுபடி போனார்.
ஐந்தாவது முறைதான் எனக்கு உறைத்தது.

இரவு, புது பஸ் ஸ்டாண்ட் லாட்ஜில்,
பதினேழையும் அழித்தேன்.
ரெஹானா இரண்டு நாள் பேசவில்லை:
ஒன்பது அவள் எழுதியவை.
மேலிடத்துக்கு இன்னும் சொல்லவில்லை.

மறுவாரம் திரையில் ஒரே ஓர் எண்.
செங்கோடன் பார்த்தார்,
போனைச் சட்டைப்பையில் போட்டார்,
இறங்கிப் போய் எண்ணினார்.

எட்டு.
திரையிலும் எட்டு.

நான் ஒன்றும் பேசவில்லை.
நாளைக்கும் இறங்குகிறாரா, பார்க்க வேண்டும்.