பத்து அங்குலம்

காலி வீதியில், பம்பலப்பிட்டிச் சந்திக்கு இப்பால்,
கண்ணாடி ஒட்டுகிறவன் நான்.
கடை என்னுடையதல்ல.
வாசலில் ஒரு முழ மேசை, ஒரு தகடு, ஒரு துணி,
தூசி பிடிக்க நீலப் பசைத்தாள்.

ஆறே முக்கால் அங்குலம் வரை
என் கைக்குப் பாடம்.
பேசிக்கொண்டே வைப்பேன்,
ஒரு குமிழி நிற்காது.

போன மாதம் பச்சைக் கம்பனி
தன் போனை நாலு பக்கமும் பிடித்திழுத்துப்
பத்து அங்குல டெப் என்றது.
ஒன்பதாம் நாள் செம்மஞ்சள் கம்பனி
பதினொன்று என்றது.
பச்சை, பேனா இலவசம் என்றது.
செம்மஞ்சள், பேனாவும் உறையும்.
இரண்டு பதாகையும் ஒரே மின்கம்பத்தில்,
ஒன்றின் முகத்துக்குக் குறுக்கே மற்றதன் கயிறு.

பச்சைச் சட்டைக்குள் நிற்பவள் மதுஷிகா,
வத்தளை பஸ்.
செம்மஞ்சளுக்குள் பஸ்லான்,
கொலன்னாவையில் வாடகை அறை.
வாசலில் ஒரு நிழல் விழுந்தால் போதும்,
"என்ன மஹத்தயா, என்ன!"
சிங்களத்தில் அது வரவேற்பு.
என் காதில் மட்டும்
நாள் முழுக்கக் கேள்வியாகவே விழுகிறது.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார்,
நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மொத்த வியாபாரம்.
சிம் போடலாமா?
போடலாம், என்றன இரண்டு சட்டைகளும்.
கோல் பேசலாமா?
பேசலாம்.
அவர் பதினொரு அங்குலத்தைத் தூக்கிக்
காதில் வைத்தார்.
தோள்வரை மறைந்துபோய்
"ஹலோ" என்றார்.
மதுஷிகா கவுண்டருக்குக் கீழே எதையோ தேடக் குனிந்தாள்.
பஸ்லான் பாவம், சிரிக்க முடியாது,
அது அவனுடைய டெப்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஏசி பெருமூச்சு விட்டு நின்றது.
பக்கத்து மருந்துக்கடை ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது.
கடைக்குள் மிச்சம்
எரிகிற இரண்டு பலகைகள்.
"எழுபத்தெட்டு சதவீதம்," என்றாள் அவள்.
"எண்பத்தொண்டு," என்றான் அவன்.
காட்ட வேண்டிய ஆள்
இருட்டில் தன் மடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுக்கொரு கண்ணாடி ஒட்டும்."

மூலையில் வெடித்த பழைய போன்.
அதைச் செய்த கம்பனி
இப்போது போனே செய்வதில்லை.

மதுஷிகா இடப்பக்கம் பச்சையைப் பிடித்தாள்.
என் விரல் நிழலே கண்ணாடியை மறைத்தது.
பஸ்லான் ஒரு நிமிடம் யோசித்தான்.
பிறகு வலப்பக்கம் வந்து
செம்மஞ்சளை உயர்த்தினான்.
நிழல் கரைந்தது.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்திருந்தோம்.
மெல்ல வைத்தேன்.
ஓரத்தில் ஒரே ஒரு குமிழி,
தள்ளத் தள்ள நகர்ந்து
வெடிப்பின் வழியே வெளியேறியது.

நானூறு ரூபா.
அன்று கடையில் வேறு வியாபாரமில்லை.

கரண்ட் வந்ததும் அவரவர் கம்பத்துக்குப் போய்விட்டார்கள்.
மாலையில் இருவருடைய போனும்
ஒரு நிமிட இடைவெளியில் அதிர்ந்தன.
அடுத்த மாதம் பன்னிரண்டாம்.
மற்றவனுக்கும் பன்னிரண்டாம், ஆனால் "சற்றுக் கூட".

நான் துணியை மடித்துவிட்டு
மேசையைச் சாணால் அளந்து பார்த்தேன்.